பூசையில் வைத்த பந்து

எண்பதுகளின் நடுவில் ஒரு குளிர்காலம் முழுக்கப் பன்னிரண்டு ஆண்களின் சேற்றை நான் துவைத்தேன். அவர்களில் ஒருவர்தான் எனக்குத் தாலி கட்டியவர். மற்றவர்கள் எல்லாம் யாரோ. ஆனாலும் அவர்களுடைய மனைவிமாருக்குத் தெரியாத சங்கதிகள் எனக்குத் தெரியும். ஜேர்சியைத் தண்ணீரில் போட்டாலே விளங்கிவிடும். ஐந்தாம் இலக்கம் எப்போதும் முதுகுப்பக்கமாக விழுகிறவர். ஒன்பதாம் இலக்கம் இடைவேளையில் களவாகச் சிகரெட் பிடிக்கிறவர். ஏழாம் இலக்கத்து ஜேர்சி எப்படிப் போனதோ அப்படியே திரும்பி வரும். பந்து வந்தால் அந்த மனிதர் மரியாதையாக வழிவிட்டு நிற்கிறார் என்பதை நான் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

கழகம் என்று சொல்லவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஒக்லாந்துக்குத் தெற்கே, தகனினிப் பக்கம், பந்தயக் குதிரைகள் மேய்கிற வெளிகளுக்கு நடுவில் ஒரு மைதானம். அதன் ஓரத்தில் உடை மாற்ற ஒரு தகரக் கொட்டில். ஒரு செட் ஜேர்சி, இரண்டு பந்து. அவ்வளவுதான் ஆஸ்தி. இங்கிலாந்தில் எங்கோ ஒரு பஞ்சாலை நகரத்தில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது கப்பலேறி வந்த ஆட்கள் தொடங்கிய கழகம் அது. ஊரில் அவர்கள் ஆதரித்த அணி எந்நாளும் கடைசிப் பிரிவில் கிடந்து உழன்றதாம். அதன் கறுப்பு மஞ்சள் நிறத்தையே இங்கேயும் வைத்துக்கொண்டார்கள். நிறத்தோடு சேர்த்துத் தோல்வியையும் இறக்குமதி செய்துவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். ஒக்லாந்து உதைபந்தாட்டத்தில் எத்தனை பிரிவு இருந்ததோ, அத்தனைக்கும் அடியில் இருந்த பிரிவில், அதிலும் அடியில் இருந்தார்கள். அதற்குக் கீழே புல்தான்.

இதற்குள் ஒரு யாழ்ப்பாணத்து மனிதர் எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று சொல்ல வேண்டும்.

எங்கள் கலியாணம் பேசியபோது, மாப்பிள்ளை கொஞ்சம் அமைதி என்றார்கள். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று யாரும் அளந்து சொல்லவில்லை. எண்பத்து மூன்று ஆடியில் கொழும்பில் நடந்த கலவரத்தில் அவருடைய ஒரே தம்பியைக் கொன்றுவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் அந்தத் தம்பியைக் கண்டதில்லை, கலியாணம் அடுத்த வருடம்தான் நடந்தது. "அதைப் பற்றி மட்டும் அவனிட்டைக் கேட்டுப்போடாதை பிள்ளை," என்று மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா. நான் கேட்கவில்லை. ஆனால் அவர் அதை மட்டுமல்ல, எதையுமே கதைக்கவில்லை. நியூசிலாந்துக்கு வந்து முதல் வருடம் முழுவதும் அவர் என்னோடு கதைத்ததை ஒரு தபாலட்டையில் எழுதிவிடலாம். பால் முடிஞ்சுது. மழை வரும்போலை கிடக்கு. கறிக்கு உப்புக் காணாது. அதிலும் உப்புக் காணாது என்பதைச் சில நாள் கையால் காட்டிவிடுவார்.

நான் வாயாடி. எங்கள் வீட்டில் ஐந்து பெண்கள், ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் பொறுத்திருந்த சரித்திரம் இல்லை. அப்படிப்பட்ட நான் ஒடாஹுஹுவில் ஒரு வாடகை வீட்டில், குளிரில், சுவரோடு கதைத்துக்கொண்டிருந்தேன். அழுகையைவிட எனக்குக் கோபம்தான் கூட வந்தது. யாரில் கோபிப்பது என்றுதான் தெரியவில்லை.

அவர் கொழும்பில் படவரைஞராக இருந்தவர். இங்கே பெயின்ற் தொழிற்சாலையில் தகரங்களை அடுக்குகிற வேலை. அங்கே மேற்பார்வையாளராக இருந்தவர்தான் கழகத்தின் செயலாளர். அந்தப் பஞ்சாலை நகரத்து ஆள். தலையில் எப்போதும் தட்டையான ஒரு தொப்பி, கோட்டுப் பையில் விதிப் புத்தகம். ஒருநாள் தேநீர் இடைவேளையில் இவரிடம், உங்கள் நாட்டில் எல்லாரும் கிரிக்கெட்தானே என்று கேட்டிருக்கிறார். இல்லை, நான் உதைபந்து என்று இவர் சொல்லியிருக்கிறார். எந்த இடத்தில் விளையாடுவாய் என்று கேட்டாராம். கோல் கீப்பர் என்றாராம். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து இதை எனக்குச் சொன்னார். மூன்று முழு வசனங்கள். நான் அடுப்பை நிறுத்திவிட்டு நின்று கேட்டேன்.

முதல் ஆட்டத்தைப் பார்க்க நானும் போனேன். கால் விறைத்துப் போகிற குளிர். ஆட்டம் தொடங்கிச் சில நிமிடத்தில் எங்கிருந்தோ ஒரு பெரிய குரல் கேட்டது. "விடாதை, விடாதை. இடப்பக்கம் பார். முன்னுக்குப் போ." தமிழில். யாரடா இது என்று திரும்பிப் பார்த்தால், என் வீட்டு ஊமை கோலுக்குள் நின்று கத்திக்கொண்டிருக்கிறார். முன்னால் நின்ற நான்கு வெள்ளைக்காரர்களும் ஒன்றும் விளங்காமல் ஆளையாள் பார்த்தார்கள். மூன்றாவது ஆட்டத்தில் விளங்கத் தொடங்கிவிட்டார்கள். ஐந்தாவது ஆட்டத்தில், "விடாதை" என்று இவர் கத்த, "ஓம், ஓம்" என்று ஐந்தாம் இலக்கம் பதில் கத்தினார். நான் எல்லைக்கோட்டில் நின்று வெட்கமில்லாமல் கண்ணைத் துடைத்தேன்.

அன்றிலிருந்து சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வீட்டில் கதை நடந்தது. கோர்னர் எப்படி வந்தது, நடுவர் எங்கே பார்த்துக்கொண்டு நின்றார், ஒன்பதாம் இலக்கம் ஏன் மூச்சு வாங்குகிறார். எனக்கு உதைபந்தில் ஒரு துளி ஆர்வம் கிடையாது. ஆனால் அவர் சொல்லச் சொல்ல, பிறகு, பிறகு என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். ஞாயிறு கொஞ்சம் குறையும். திங்கள் முற்றாக அடங்கிவிடும். பிறகு நான் அடுத்த சனியைப் பார்த்திருப்பேன்.

ஜேர்சி துவைப்பது முறைப்படி ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு வீட்டுக்கு வரும். எங்கள் முறை வந்தபோது, நம்முடைய மானம் போகக்கூடாது என்று நினைத்து, ஊறவைத்து, பிரஷ் போட்டு உரஞ்சி, சோற்றுக் கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் ஸ்திரி பண்ணி அனுப்பினேன். கொட்டிலில் அதைப் பார்த்த செயலாளர் தொப்பியைக் கழற்றிவிட்டாராம். பன்னிரண்டு பேரும் வாத்தியார்மார் மாதிரி விறைப்பாக மைதானத்தில் இறங்கினார்கள். கால் மணித்தியாலத்தில் மழை. கஞ்சி கரைந்து, ஒருவரையொருவர் இடித்தவர்கள் பிரிய நேரமெடுத்தது. அன்றும் தோல்விதான், ஆனால் அதற்கு முழுக் காரணமும் நான் என்று சொல்ல முடியாது. அடுத்த கிழமையிலிருந்து கஞ்சி வேண்டாம், மற்றதெல்லாம் அப்படியே வேண்டும் என்று செய்தி வந்தது. முறை என்பது மெல்ல மறைந்து, ஜேர்சிப் பை நிரந்தரமாக என் வீட்டில் குடியேறியது. பையை வாங்கின எனக்கு ஒரு நன்றி, தள்ளிவிட்ட வீடுகளுக்கு ஒரு சிரிப்பு. மற்ற நேரமென்றால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். அந்த வருடம் வாயைப் பொத்திக்கொண்டு துவைத்தேன்.

தோல்விகளைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. தோற்பதற்கு எத்தனை வழி உண்டோ அத்தனையையும் அவர்கள் பார்த்தார்கள். மேற்கே மாசி என்கிற இடத்தில் ஒரு ஆட்டத்துக்குப் போய், வழி தவறி, ஆட்டம் தொடங்கி வெகுநேரத்துக்குப் பிறகு ஏழு பேராகப் போய்ச் சேர்ந்தார்கள். என் கணவர் விட்ட கோல்களும் கொஞ்சமல்ல. உயரமாக வருகிற பந்துக்கு உயிரைக் கொடுத்துப் பாய்வார். சும்மா உருண்டு வருகிற பந்தைத் தவறவிடுவார். எவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அவ்வளவு கத்துகிற ஒரு கீப்பரைத் தாங்கள் முன்பு கண்டதில்லை என்று மட்டும் சொன்னார்கள்.

செயலாளர் மட்டும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பிரிவில் கடைசியாக வருகிற அணி வெளியே போக வேண்டும். திரும்பச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கேட்கலாம், சேர்க்க வேண்டுமென்று கட்டாயமில்லை. அணி இல்லையென்றால் நகரசபை மைதானத்தையும் எடுத்துவிடும். எல்லாம் ஒரே ஒரு ஆட்டத்தில் வந்து நின்றது. எங்களுக்கு ஒரு படி மேலே இருந்த அணி எல்லா ஆட்டமும் முடித்துவிட்டது, எங்களுக்கு இன்னும் ஒன்று இருந்தது, வேறொரு அணியோடு, எங்கள் மைதானத்தில். சமநிலையில் முடிந்து ஒரு புள்ளி கிடைத்தாலே அந்த மேல் அணியைத் தாண்டித் தப்பிவிடலாம். அந்த ஆட்டம் மழையால் இரண்டு முறை தள்ளிப்போய், ஒக்டோபருக்கு வந்துவிட்டது.

எனக்கு மைதானமும் தெரியாது, நகரசபையும் தெரியாது. கழகம் போனால் சனிக்கிழமை போய்விடும், சனிக்கிழமை போனால் அவருடைய குரலும் போய்விடும். அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதனால்தான் நான் அந்த வேலையைச் செய்தேன்.

நவராத்திரி வந்திருந்தது. சரஸ்வதி பூசைக்கு முதல்நாள், வெள்ளிக்கிழமை பின்னேரம். அறையின் மூலையில் ஒரு ஸ்ரூலில் பட்டு விரித்து, சரஸ்வதி படத்தை வைத்து, கும்பம் வைத்தேன். முன்னால் வைக்கப் புத்தகம் தேடினால், வீட்டில் இருந்தது ஒரு பழைய ஆங்கில அகராதியும், நான் படித்து லைசென்ஸ் எடுத்த வீதிச் சட்டப் புத்தகமும்தான். தொழிற்சாலையில் நான் தைக்கிற மெஷினைக் கொண்டுவர முடியாது, கத்தரிக்கோலை வைத்தேன். அப்போது கண்ணில் பட்டது ஜேர்சிப் பை. ஆட்டத்துக்கு இன்னும் ஒரு கிழமை இருக்கிறது. இந்த அணிக்குத் தேவைப்படுகிற அனுக்கிரகம் அகராதிக்குத் தேவையா என்ன? மடித்த ஜேர்சிகளை அடுக்கினேன். இரண்டு பந்துக்கும் மூன்று குறி திருநீறும், சந்தனமும், குங்குமமும் வைத்து, டெயரி என்று இங்கே சொல்கிற தெருமூலைக் கடையில் வாங்கிய மஞ்சள் பூவைச் சுற்றி, அம்மா முன் வைத்து விளக்கைக் கொளுத்தினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அவர் வேலையால் வந்தார். கோட்டைக் கழற்றாமலே சொன்னார்.

"மட்ச் நாளைக்கு."

"அடுத்த சனியெல்லோ?"

"அடுத்த சனியிலை இருந்து கிரிக்கெட்காரருக்குக் கிரவுண்ட். நாளைக்கு இரண்டரைக்கு. பை எங்கை?"

நான் மூலையைக் காட்டினேன். அவர் பார்த்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நம்முடைய ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பூசையில் வைத்ததை விஜயதசமி காலையில்தான் எடுக்கலாம். விஜயதசமி ஞாயிறு. சின்ன வயதில் இந்த ஒரு விதிக்காகவே நான் கணக்குக் கொப்பியை முதல் ஆளாகக் கொண்டுபோய் வைப்பேன்.

"என்ன வேலை செய்து வைச்சிருக்கிறீர்? எடுத்துத் தாரும்," என்றார்.

"என்னாலை ஏலாது. நீங்கள்தானே சாமி இல்லை எண்டு சொல்லுறனீங்கள். நீங்கள் எடுங்கோ."

அவர் இரண்டடி வைத்தார். நின்றார். கையை நீட்டினார். மடக்கிக்கொண்டார். வாயில் நாத்திகம் பேசுகிற மனிதர், கை என்று வந்தால் அவருடைய அம்மா வளர்த்த கைதான்.

"வைச்சது நீர். நீர்தான் எடுக்க வேணும்," என்றார்.

நாங்கள் இருவரும் அந்தப் படத்துக்கு முன் நின்று சண்டை பிடித்தோம். கலியாணம் முடித்து இரண்டு வருடத்தில் எங்கள் முதலாவது முழுமையான சண்டை அது. நடுவில் எனக்கு ஒரு யோசனை ஓடியது: ஆண்டவனே, இந்த மனிதர் எவ்வளவு வடிவாகச் சண்டை பிடிக்கிறார். சண்டையிலேயே தெரிந்தது, வேறு வழியில்லை. கழகத்தில் வேறு ஜேர்சி கிடையாது. மைதானத்துக்காரர்தான் பந்தும் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் ஆடாமலே தோல்வி. அதுவும் விதிப் புத்தகத்தில் இருந்ததாம்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமூலை டெயரிக்கு ஓடினேன். அதை நடத்திய அக்கா ஃபிஜியிலிருந்து வந்தவ. அவவின் பாட்டன்மார் சேலம் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள். வாடிக்கையாளர்களோடு இந்தியிலும் ஆங்கிலத்திலும் கதைப்பா. என்னோடு மட்டும் பெட்டியில் வைத்த பட்டுச்சேலை போல் ஒரு தமிழை எடுத்து விரிப்பா. நான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவ பால் போத்தல்களை அடுக்கிக்கொண்டே கேட்டா.

"எங்க ஆளுங்க கரும்பு வெட்டுற கத்திய வெப்பாங்க, தங்கச்சி," என்றா. "அன்னிக்குன்னு பாத்து மில்லு லாரி வந்து நிக்கும். லாரி சாமிக்காக நிக்குமா? எங்கப்பா என்ன பண்ணுவாரு தெரியுமா, சாமி படத்தையே தூக்கிட்டுப் போயி கரும்புக் காட்டுல வெச்சிருவாரு. கத்தி சாமி முன்னாடிதான இருக்குது, அப்புறம் என்ன?"

"அது சரியோ அக்கா?"

"சரியோ தப்போ, கரும்பு வெட்டியாச்சு," என்றா.

மறுநாள் நாங்கள் தகனினிக்குப் போன கோலத்தை இன்று நினைத்தாலும் சிரிப்பு வரும். முன் சீட்டில் நான், மடியில் சரஸ்வதி. பின் சீட்டில் கும்பம், சாயாமல் இருக்க ஜேர்சிப் பையின் அணைப்பில். காலுக்கடியில் அவித்த கடலை ஒரு பானை, சர்க்கரை போட்டுக் குழைத்த அவல் ஒரு பானை. எதையும் பூசையிலிருந்து எடுக்கவில்லை. பூசையே எழும்பி வந்துவிட்டது. வழி முழுக்க அவர், "ஆராவது கேட்டால் நான் என்ன சொல்லுறது," என்று புறுபுறுத்துக்கொண்டு ஓட்டினார்.

கொட்டிலில் கோட்டு மாட்டுகிற ஆணியில் படத்தை மாட்டினேன். கீழே பெஞ்சில் கும்பமும் விளக்கும். செயலாளர் உள்ளே வந்து பார்த்தார். இந்த அம்மா யார் என்று கேட்டார். படிப்புக்கும் கலைகளுக்கும் உரியவர் என்று என் கணவர் ஆங்கிலத்தில் சொன்னார். உதைபந்து அதில் சேருமா என்றார் செயலாளர். மற்ற அணிகளுக்குச் சேரும் என்றார் என் கணவர். செயலாளர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சப்பாத்தோடு வந்து ஜேர்சி எடுக்கக்கூடாது என்று நான் சொல்ல, அத்தனை தடியன்களும் காலுறையோடு வரிசையில் வந்து, ஒவ்வொருவராக எடுத்துப் போனார்கள். ஏழாம் இலக்கம் தன் நெற்றியைக் காட்டித் திருநீறும் கேட்டு வாங்கினார். அவருக்குக் கொஞ்சம் கூடவே பூசினேன்.

நடுவர் பந்தைக் கையிலெடுத்துத் திருப்பினார். சிவப்பைக் கண்டு, யாருக்குக் காயம் என்று கேட்டார். யாருக்கும் இல்லை, இனித்தான் என்று ஒன்பதாம் இலக்கம் சொன்னார். நடுவர் புல்லில் உருட்டித் துடைத்துவிட்டு விசில் ஊதினார்.

எங்களுடைய கோலை ஏழாம் இலக்கம் அடித்தார். அடித்தார் என்பதைவிட, விலக நேரமில்லாமல் நின்றவரின் முழங்காலில் பட்டு உள்ளே போனது என்பதுதான் உண்மை. இடைவேளையில் தோடம்பழத் துண்டுக்குப் பதில் கடலையும் அவலும் கொடுத்தேன். எதிரணியும் வந்து கை நீட்டியது. பிரசாதத்தை இல்லையென்று சொல்லக்கூடாது, கொடுத்தேன். அவர்கள் இரண்டாம் முறையும் வாங்கினார்கள். இடைவேளைக்குப் பிறகு அவர்கள் கொஞ்சம் கூடத்தான் ஓடினார்கள். ஒரு கோர்னரில் ஒரு கோல் போட்டுச் சமப்படுத்தினார்கள். அப்படியே முடிந்தாலும் போதும். செயலாளர் மணிக்கூட்டைப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக நின்றார். நான் எந்தத் தெய்வத்தையும் விடவில்லை. கோலுக்குள்ளிருந்து இவருடைய குரல் அடைத்துப்போய்க் கேட்டது.

அது ஒரு பெரிய உதை கூட இல்லை. எதிரணியில் யாரோ சும்மா தட்டிவிட்ட பந்து. சேற்றில் மெதுவாக உருண்டு வந்தது. சுற்றிலும் ஒருவரும் இல்லை. குனிந்து கையால் எடுத்திருந்தால் முடிந்தது. இவர் குனியவில்லை. ஓடிவந்து காலால் ஓங்கி உதைக்கப் போனார். சேற்றுக் கட்டியில் பந்து துள்ளிச் சப்பாத்துக்கு மேலால் போய், ஆறுதலாக உருண்டு, கோட்டைத் தாண்டி நின்றது. அதைத் திருப்பிப் பிடிக்கப் பாய்ந்து கம்பத்தில் கையை அடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

விசில் ஊதியபின் எவரும் அவரைக் குறை சொல்லவில்லை. ஐந்தாம் இலக்கம் வந்து தோளில் கை போட்டு, "ஓம், ஓம்," என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். செயலாளர் தனியாக வலையைக் கழற்றிச் சுற்றினார். கடிதம் எழுதிப் பார்ப்போம் என்றார். எழுதினார். இடமில்லை என்று கோடையில் பதில் வந்தது, மைதானத்தை வேறு யாருக்கோ கொடுத்தார்கள். ஆனால் அன்றைக்கே எங்களுக்கு அது தெரியும்.

அவருடைய விரல்கள் வீங்கிவிட்டதால் நான்தான் ஓட்ட வேண்டியிருந்தது. லைசென்ஸ் எடுத்து இரண்டு மாதம். மோட்டர்வேயில் நான் அதற்கு முன் ஓட்டியதே இல்லை. ஸ்ரியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இடது ஓரத்தால் ஊர்ந்தேன். பக்கத்தில் அவர் ஒன்றும் கதைக்கவில்லை. போச்சு, இனி உப்புக் காணாது மட்டும்தான் என்று நினைத்தேன். அதைத் தாங்க முடியாமல் நானே வாயைத் திறந்தேன்.

"எல்லாம் என்னாலைதான். பூசையிலை வைச்சதைக் கொண்டுவந்து சேத்துக்குள்ளை உருட்டினால் அம்மாளுக்குக் கோவம் வராதோ?"

"உம்மாலை இல்லை."

"இல்லை, என்னாலைதான். அந்தப் பந்தை—"

"இஞ்சாரும்," என்றார். "பழியைத் தூக்கிச் சரஸ்வதியிலை போடாதையும். அவ என்ன செய்வா? கையாலை பிடிக்கிறவன் நிக்க வேண்டிய இடத்திலை காலாலை அடிக்கிறவன் நிண்டால்?"

எனக்கு விளங்கவில்லை. ஒரு லொறி பெரிய சத்தத்தோடு எங்களைத் தாண்டிப் போனது.

"நான் கோல் கீப்பர் இல்லை," என்றார். "ஒருநாளும் இருந்ததில்லை. பள்ளிக்கூடத்திலையும் சரி, பிறகு கிளப்பிலையும் சரி, நான் பின்வரிசைதான். கோலுக்குள்ளை நிக்கிறது தம்பி."

கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

"அப்ப ஏன் கோல் கீப்பர் எண்டு சொன்னனீங்கள்?"

"பொய் சொல்ல நினைக்கேல்லை. எந்த இடம் எண்டு கேட்டார். வாயிலை அதுதான் வந்தது." வீங்கிய கையை மடியில் எடுத்து வைத்தார். "பிறகு மாத்திச் சொல்ல மனம் வரேல்லை. நான் பின்வரிசைக்குப் போனால் அவன்ரை இடத்திலை வேறை ஆரோ வந்து நிப்பாங்கள்."

நான் வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தேன்.

அவர் சொல்லிக்கொண்டு போனார். தம்பிக்குப் பொறுமை என்பதே கிடையாதாம். எதிரணி பந்தைக் கொண்டுவரவில்லையென்றால் கோலை விட்டுவிட்டுத் தானே போய் எடுத்துக்கொண்டு வருவானாம். ஒருமுறை அப்படி நடுக்கோடுவரை போய், அங்கிருந்து திரும்பி ஓடிவரும்போது, பந்து அவனுக்கு முன்னால் உருண்டு உள்ளே போனதாம். பிறகு வீட்டுக்கு வந்து அம்மாவிடம், அண்ணா பார்த்துக்கொண்டு நின்றவர் என்று கோள் சொன்னானாம். அம்மா இவருக்கு அடித்தாவாம். அதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்து வேறு ஏதோவாக மாறியது. மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினார்.

ஒடாஹுஹுவுக்குத் திரும்புகிற பாதையின் பெயர்ப்பலகை தெரிந்தது. வீட்டுக்குப் போனால் சப்பாத்தைக் கழற்றுவார், கையில் ஐஸ் வைப்பார், தேத்தண்ணீர் குடிப்பார். அதோடு கதை நின்றுவிடும் என்று எனக்குப் பயமாக இருந்தது. இண்டிகேற்றரில் வைத்த கையை எடுத்தேன். திருப்பம் வந்து, போனது. அவர் கவனிக்கவில்லை. நகரத்துக்குப் போகிற வழியில், பின்னாலிருந்து எல்லாரும் ஹோர்ன் அடிக்க அடிக்க, அதே ஓரத்தால் அதே வேகத்தில் ஓட்டிக்கொண்டு, "பிறகு?" என்று கேட்டேன்.